புதன்கிழமைக் கையெழுத்து

போர் தொடங்கியதும் முதலில் நின்றது எங்கள் கட்டடத்து லிஃப்ட்தான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. பத்தொன்பது வருஷம் அதை ஏற்றி இறக்கியவன் நான். என்னையும் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. லிஃப்டைத் தரைத்தளத்தில் திறந்துவைத்து, அதே ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, மடியில் ஒரு பதிவேட்டைக் கொடுத்து, சட்டைக் கையில் 'கட்டடக் காவல் பொறுப்பாளர்' என்று ஒரு பட்டையையும் மாட்டிவிட்டார்கள். ஏறாத லிஃப்டுக்குள் பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஏறி இறங்கிய காலத்தில்கூட இவ்வளவு களைத்ததில்லை.

லிஃப்டுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. அதன் மேலேயே குடிமக்கள் பாதுகாப்பு விதிகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். மீசையை ஒதுக்கலாம் என்று திரும்பினால், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் 'மூன்று மாதக் கடுங்காவல்' என்று இருக்கும். சங்கொலி போல ஓசை எழுப்பினால் அபராதம். மணல் வாளி காலியாக இருந்தால் அபராதம். மாடிக் காவலை விட்டு அகன்றால் மூன்று மாதம். பதிவேட்டில் பொய்யான பதிவு செய்தால் ஒரு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதம் வரை. எல்லாவற்றுக்கும் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்தால் மட்டும் கண்ணுக்குப் படும்படி, கடைசியாக ஒரு விதி: காவல் நேரத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்தை, நெருக்கடி நிலை முடியும்வரை, குடியிருக்கும் இடத்திலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது. அந்தத் தாளில் மனிதனுக்கு நல்லது சொன்ன வரி அது ஒன்றுதான். அது யாருக்காவது ஒருநாள் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

மாடிக் காவல் என்றால், பகல் முழுக்க நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். விமானம் வந்தால், தீ தெரிந்தால், மணி அடிக்க வேண்டும். இருபத்திரண்டு வீடுகளுக்கும் முறை போட்டிருந்தது. பதினோரு மாதத்தில் ஒரே ஒரு விமானம் போனது. அதுவும் நம்முடையது.

முறைக்காரர் கீழே இறங்கி வந்து என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போக வேண்டும் என்பது விதி. நான்காம் மாடிக்காரர் நான்கு மாடி இறங்கி, பிறகு ஆறு மாடி ஏற வேண்டும். லிஃப்டை நிறுத்தியவர்களும் அவர்களேதான், இந்த விதியை எழுதியவர்களும் அவர்களேதான். மூட்டு வலிக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், இதய நோயாளிகள் எல்லாம் என் முன்னால் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கே இளைத்தது. ஒரு திங்கட்கிழமை சொன்னேன், இந்த வாரம் முழுவதற்கும் இப்போதே போட்டுவிட்டுப் போங்கள் என்று. யாரும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை, அது என் சொந்த யோசனை. அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் மட்டும் லிஃப்டு வாசலில் வரிசை நிற்கும். லிஃப்டின் கம்பிக் கதவில் நூலால் கட்டிய ஒரே பேனாவில் எல்லோரும் வாரம் முழுக்கக் காவல் காத்து முடித்துவிடுவார்கள்.

அந்த வரிசையில் முதல் ஆள் மோட்டார். தண்ணீர் மோட்டார் போடுகிறவருக்கு வேறு என்ன பெயர் இருக்கும்? என்னை எல்லோரும் லிஃப்ட் என்பார்கள், அவரை மோட்டார் என்பார்கள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் மனைவியோடும் எட்டு வயது மகளோடும் குடியிருந்தார். வேலையோடு சேர்ந்த அறை. 'நீ எப்படியும் மேலதானே இருக்கே' என்று சொல்லி ஆளாளுக்குத் தங்கள் முறையை அவர் தலையில் கட்டினார்கள். ஒரு டீ, ஒரு பழைய சட்டை, அவ்வளவுதான். அவரும் மறுக்க மாட்டார். "மேல ஒண்ணும் வரலண்ணே, கீழதான் தண்ணி வரல" என்று சொல்லிக்கொண்டே வாரத்தில் மூன்று நான்கு நாளுக்குக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து என்றால் எழுத்து கிடையாது. ஒரு சுழி, அதிலிருந்து நீளமாக ஒரு கோடு, முடிவில் குழாய்க்கு வளைவு போடுவதுபோல ஒரு வளைவு.

அந்த வாரம் புதன், வெள்ளி, சனி மூன்று நாளுக்கும் போட்டிருந்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவர் மனைவி ஆறு மாடியும் வெறுங்காலோடு இறங்கி ஓடிவந்தாள். நான் ஏறினேன். எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரே டாக்டர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர். அவரும் ஏறினார். நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். இதயம் நின்றுவிட்டது என்றார். மோட்டாருக்கு நாற்பத்தாறு வயது.

மறுநாள் எடுத்தோம். அதே நாள் மாலை, குடியிருப்போர் பட்டியலை விரித்து அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, தேதி போட்டு, மேலதிகாரிக்குத் தகவலும் அனுப்பினேன். விதிப்படி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பிவிட்டேன். காவல் பதிவேட்டை மட்டும் திறக்கத் தோன்றவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் எங்கள் வானத்தை யாரும் பார்க்கவில்லை. வானம் அப்படியேதான் இருந்தது.

திங்கட்கிழமை பென்சில் வந்தார். சிவப்புப் பென்சிலால் எதையாவது சுழித்துக்கொண்டே இருக்கிற பாதுகாப்பு இன்ஸ்பெக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பட்டியலில் புதன்கிழமை செத்தவர், பதிவேட்டில் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் காவல் காத்திருந்தார். பென்சிலுக்கு அன்றைக்கு விருந்துதான். இரண்டையும் சுழித்து, பதிவேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் எனக்குச் சம்மன். 'இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்' என்று ஐந்தாம் மாடிக்காரர் படிக்கட்டில் சிரித்தார். அவருடைய முறையைத்தான் மோட்டார் சனிக்கிழமைக்கு வாங்கியிருந்தார். என் வாயில் நல்ல வார்த்தை வராது என்று தெரிந்து ஸ்டூலுக்குத் திரும்பிப் போனேன்.

அதே வாரத்தில் கட்டட முதலாளியின் மேனேஜர் மோட்டார் மனைவிக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். புது மோட்டார் ஆள் வருகிறார், பத்து நாளில் அறையைக் காலி செய்யவும். அவள் அதை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் வந்து நின்றாள். நான் கடைசி விதியைக் காட்டினேன். இருவரும் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே கேட்டார்கள்: அந்த ஆள் வசித்ததே மொட்டை மாடியில், அப்படியென்றால் செத்தது காவலிலா, வீட்டிலா? பார்த்தவர் யாரும் இல்லை. அவரைக் காவல்காரர் ஆக்குவது பதிவேட்டில் இருக்கும் அந்த ஒரு புதன்கிழமைக் கையெழுத்துதான். பதிவேடு கோர்ட்டில் இருக்கிறது, கோர்ட்டு என்ன சொல்கிறதோ அதன்படி செய்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாடகைக்கு வீடு தேடிக்கொள்ள அவளுக்கு வேலையும் கிடையாது, போக்கிடமும் கிடையாது.

கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிற ஒருவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, இதற்கு ஏன் பயப்படுகிறீர்கள் என்றார். திங்கட்கிழமையே வாரம் முழுக்கக் கையெழுத்து வாங்குவது வழக்கம், இவர் இடையில் இறந்துவிட்டார், அடிக்க மறந்தேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அது பொய்ப் பதிவு ஆகாது, ஒழுங்கீனம். கண்டித்து, அபராதம் போட்டு அனுப்பிவிடுவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். உண்மை இவ்வளவு மலிவாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் திங்கட்கிழமையே போட்ட கையெழுத்து என்றால், புதன்கிழமைக் கையெழுத்தும் திங்கட்கிழமையுடையதுதான். புதன்கிழமை அவர் எங்கே நின்றார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதற்காகத்தான் மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி தையல்காரி. போரினால் எங்கள் வீட்டில் பிழைத்தது அவள் தொழில் மட்டும்தான். ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஊர் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை தைத்துத் தைத்து, எங்கள் வீட்டுச் சோற்றிலும் கறுப்பு நூல் கிடக்கும். அவள் என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, மிஷினை மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் முட்டி வலிக்குதுன்னு நீங்க இரக்கப்பட்டீங்க. உங்க முட்டிக்கு யாரு இரக்கப்பட்டா? உள்ளதச் சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க." எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது முட்டி மடங்காது. சிறையில் தரையில் உட்காரவைப்பார்கள் என்று கேள்வி. சரி என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

விசாரணை அன்று காலை ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். சாப்பாடு என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

நெருக்கடிக் கால வழக்குகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்திருந்தார்கள். ஏழாம் வகுப்பு அறை. மாஜிஸ்திரேட் ஆசிரியர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கரும்பலகையில் யாரோ போட்டுவிட்டுப் போன வகுத்தல் கணக்கு பாதியில் நின்றிருந்தது. நாங்கள் எல்லோரும் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். என் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி மேனேஜர், கையில் நோட்டோடு. கடைசிச் சுவரில் சாய்ந்து மோட்டார் மனைவி.

அன்றைக்கு நாற்பத்தொரு வழக்கு. தீயணைக்க வைத்திருந்த மணலை எடுத்துப் பாத்திரம் தேய்த்த ஒரு அம்மா. வாளியில் மணல் திரும்ப வந்துவிட்டது, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு என்று சொல்லிப் பார்த்தாள், அபராதம். பதுங்கு குழியில் ஆடு கட்டியவர், ஆட்டுக்கும் உயிர்தானே என்றார், அபராதம். சங்கு ஊதியபோது முகச்சவரம் பாதியில் இருந்ததால் ஓட மறுத்த ஒருவருக்கு ஏழு நாள். அவர் இப்போது இரண்டு கன்னத்தையும் ஒழுங்காக மழித்திருந்தார். மாஜிஸ்திரேட் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பு வேண்டும். நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, எழுதி, அடுத்தது என்பார்.

என் முறைக்கு இன்னும் நேரம் இருந்தது. பசி எடுக்கவே பையைத் திறந்தேன். மேலே சாப்பாடுதான். அதற்குக் கீழே இரண்டு வேட்டி, இரண்டு பனியன், ஒரு துண்டு, சோப்பு, முட்டிக்குத் தேய்க்கிற எண்ணெய். எண்ணெய்ப் புட்டியைக் கறுப்புத் திரைத் துணியில் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். நான் எனக்குச் சொல்லிக்கொள்ளாததை அவள் முந்தின நாளே மடித்து வைத்திருக்கிறாள். பையை மூடினேன். சாப்பிடத் தோன்றவில்லை.

பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்றேன். பென்சில் வாசித்தார். மாஜிஸ்திரேட் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, இறந்தவர் வெள்ளிக்கிழமை எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டார்.

"அவரு போடலிங்கய்யா. நான் போட்டேன்."

நான் சொல்லிக்கொண்டே போனேன். வெள்ளி, சனிக்கு ஆள் இல்லை. காவல் காலியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நான். அதனால் அவர் கையெழுத்தை நானே போட்டேன். புதன்கிழமைக் கையெழுத்து அவர் போட்டது, அன்று பத்து மணிக்கு என் கண் முன்னால் போட்டுவிட்டு மேலே போனார். இதைச் சொல்லும்போது எனக்கு வியர்க்கவில்லை, நாக்கும் குழறவில்லை. இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று தெரிந்திருந்தால் வாழ்க்கையில் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன்.

மேனேஜர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். பென்சில்தான் குறுக்கே பேசினார். மூன்று கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கிறது, ஒரே நேரத்தில் போட்டது மாதிரி என்றார். ஆள் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். கட்டடத்துக்கே ஒரே பேனாதான், அது கதவில் கட்டியிருக்கிறது என்றேன். அதுமட்டும் உண்மை.

மாஜிஸ்திரேட் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "எங்க, போட்டுக் காட்டுங்க."

பதினோரு மாதம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மூக்குக்கு முன்னால் அதைப் போட்டிருக்கிறார். கண்ணை மூடினால் தெரிகிறது. சுழி வந்தது. கோடு வந்தது. கடைசி வளைவில் கோடு மேலே போக வேண்டியது கீழே இறங்கிவிட்டது. பார்க்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும், அது வேறு கை என்று. திருடாதவன் திருடனாக வேஷம் போட்டு, பூட்டைத் திறக்கத் தெரியாமல் நிற்கிற கதி எனக்கு. தலைகுனிந்து நின்றேன். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

மாஜிஸ்திரேட் தாளைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எறந்தவரு எந்த மாடி?"

"மொட்டை மாடிலயே வேலையோட குடுத்த ஒரு ரூமுங்கய்யா. சம்சாரமும் ஒரு பொண்ணும் இருக்காங்க."

"எத்தனை மாடிக் கட்டடம்? லிஃப்ட் ஓடுதா?"

"ஆறு மாடிங்க. லிஃப்ட நிறுத்திப் பதினோரு மாசம் ஆச்சு."

அவர் கடைசிச் சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு நோட்டும் கையுமாக இருந்த மேனேஜரைப் பார்த்தார். அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் மைப்பெட்டிக்கு அடியில் வைத்தார். தானும் பார்க்கலாமா என்று பென்சில் கேட்டார். "நான் பாத்துட்டேன்" என்றார் மாஜிஸ்திரேட்.

எழுதிக்கொண்டே வாசித்தார். வெள்ளி, சனிக்கிழமைப் பதிவுகள் பொறுப்பாளரே செய்த பொய்ப் பதிவுகள், அவர் ஒப்புக்கொள்கிறார். புதன்கிழமைப் பதிவு உண்மையானது என்று இந்த நீதிமன்றம் ஏற்கிறது. அதை இரண்டு தடவை வாசித்தார், மேனேஜர் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்பதுபோல. பிறகு என்னைப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னார்: "ஒரு மாசத்துக்குக் கம்மியாக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை." நான் அந்த விதியைத் தினமும் படிக்கிறேன் ஐயா, கண்ணாடி மேலேதான் ஒட்டியிருக்கிறது என்று சொல்ல வந்தேன். அதற்குப் பதில் கைப்பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அடுத்தது என்றார்.

வண்டி நிறைந்த பிறகுதான் கிளம்புமாம். போலீஸ்காரர் என்னைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றார். மோட்டார் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"திங்கக்கெழம அவரு மூணு நாளுக்கும் போட்டப்ப நான் கொடத்தோட பக்கத்துலதானே நின்னேன், அண்ணே" என்றாள்.

மெதுவாகப் பேசு என்றேன். அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னொண்ணு இருக்கு. அத உங்ககிட்ட மட்டும் சொல்லணும். அன்னிக்கு அவரு காவலுக்குன்னு வெளிய போகல. கொடிக்கயிறு அறுந்துபோச்சு, கட்டுங்கன்னு நான்தான் அனுப்புனேன். துணி காயணும்னு அனுப்புனேன். அது டியூட்டி ஆகுமாண்ணே?"

ஒரு மாதச் சிறையைக் கொடுத்து நான் வாங்கிய காவல், அறுந்த கொடிக்கயிறு. கோபம்கூட வந்தது, அவள்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியவில்லை. அவள் இந்தப் பாரத்தைப் பதினைந்து நாளாகத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறி இறங்கியிருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"நீ போய்ப் பாத்தப்ப எப்படிக் கெடந்தாரு?" என்று கேட்டேன்.

"மல்லாக்க. கண்ணு ரெண்டும் தெறந்திருந்துச்சு. வானத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு."

"அப்போ டியூட்டிதாம்மா."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அவர் செத்த அன்றும் அழாதவன், எடுத்த அன்றும் அழாதவன், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி வந்தது. பையை அவளே எடுத்துக் கொடுத்தாள். நாளைக் காலை காவல் யாருடைய முறை என்று கேட்டாள். ஐந்தாம் மாடி என்றேன்.

"அவங்க ஏற மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, "கையெழுத்த அன்னன்னிக்கே எறங்கி வந்து போட்டுடறேன், அண்ணே" என்றாள்.

ஆறு மாடி. தினமும் இறங்க வேண்டும், தினமும் ஏற வேண்டும். வேண்டாம், திங்கட்கிழமையே போட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.